கான்டனீஸ் உச்சரிப்பு: தமிழ் வாயிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் படிக்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் பதில் "அதில் ஆறு தொனியாமே, ஒன்பது தொனியாமே" என்பதுதான். தொனி என்றால் ஓர் அசையைச் சொல்லும் குரலின் உயரமும் ஏற்ற இறக்கமும், அது மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். நானும் அந்தப் பயத்தோடுதான் ஹாங்காங்கில் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு வருடம் போனபிறகு புரிந்தது, என்னை அதிகம் காட்டிக்கொடுத்தவை தொனிகள் இல்லை, நான் தமிழ் பேசும்போது வாய் தானாகச் செய்கிற சில காரியங்கள்தான். அதே தமிழ்தான், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற சில ஒலிகளை எனக்கு முதல் நாளே தயாராகக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி யாரும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது ஹாங்காங் பேச்சு. குவாங்சோ, மக்காவ் பேச்சும் கிட்டத்தட்ட இதேதான். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கேட்பது சொற்களில் கொஞ்சம் மாறும், ஒலிகளின் அமைப்பு பெரிதாக மாறாது. அந்த ஊர்களில் கடைத்தெருவில் கேட்டே பழகிய தமிழர்கள் உண்டு, அவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே காதில் இருக்கும்.

முதலில் ஒரு எழுத்துமுறை

சீன எழுத்தைப் பார்த்து உச்சரிப்பு சொல்ல முடியாது, அதனால் ஒலியைக் குறிக்கத் தனியாக ஒரு முறை வேண்டும். யூட்பிங் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் உருவாக்கியது. ரோமன் எழுத்தில் அசையை எழுதி, கடைசியில் 1 முதல் 6 வரை தொனி எண் போடுவார்கள். இணையத்தில் நம்மவர்கள் இதை ஜூட்பிங் என்று வாசிக்கிறார்கள், அது தவறு. அந்த முறையில் "ஜே" எழுத்துக்கு ய ஒலி. பெயரையே சரியாகச் சொல்லிப் பழகினால் ஒரு பாடம் முடிந்த மாதிரி.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: ஹாங்காங்காரர்களில் பெரும்பாலானோருக்கு யூட்பிங் தெரியாது, பள்ளியில் அவர்கள் அப்படிப் படிப்பதில்லை. "இது எத்தனாவது தொனி" என்று நண்பரிடம் கேட்டால் அவர் விழிப்பார். நமக்கு வினைத்தொகை எது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறதே, அதுபோல. அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எண்ணை அகராதியில் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தொனி எண் போடுகிறேன். க, த, ப என்று எழுதியிருந்தால் "கல்", "தலை", "பல்" என்ற சொற்களின் முதலில் வருகிற மாதிரி. க்ஹ, த்ஹ, ப்ஹ என்று எழுதியிருந்தால் மூச்சு வெடித்து வருகிற ஒலி. தமிழ் எழுத்துக்குள் அடங்காத உயிரொலிகள் வரும்போது அங்கங்கே சொல்கிறேன்.

தொனிகளை எண்களிலிருந்து கற்பது

தொனிகளைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குகிற புத்தகங்கள் எனக்கு உதவவில்லை. உதவியது ஆறு எண்கள்: 3, 9, 4, 0, 5, 2. கான்டனீஸில் இவற்றை வரிசையாகச் சொன்னால் முதல் தொனியிலிருந்து ஆறாம் தொனி வரை ஒழுங்காக வந்துவிடும். ஸாம்1, கௌ2, ஸேய்3, லிங்4, ங்5, யீ6. இதை மட்டும் ஒரு வாரம் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் அந்த வரிசையிலேயே தொடங்காதீர்கள். முதலில் மேலே ஏறாதவற்றைப் பிடியுங்கள்: 3, 4, 2, 0. மூன்று என்பது உங்கள் குரலின் உச்சியில், அப்படியே நேராக நிற்கும். நான்கு என்பது நடுவில், சாதாரணமாகப் பேசுகிற உயரத்தில் நேராக. இரண்டு அதற்குக் கொஞ்சம் கீழே நேராக. பூஜ்யம் அதற்கும் கீழே தொடங்கி அடித்தொண்டைக்கு விழும், சிலர் சொல்லும்போது குரல் கரகரத்துவிடும். மாடிப்படியில் இறங்குவது போல நான்கு படிகள். பாட்டுக்கு வரி எழுதுகிற ஹாங்காங் கவிஞர்களும் 0, 2, 4, 3 என்ற இதே நான்கு எண்களைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மெட்டு எந்த உயரத்தில் போகிறதோ அந்த உயரத்துக்குரிய தொனியில் சொல் விழ வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர் காதில் வேறு சொல்லாகிவிடும், அதனால் மெட்டை முதலில் எண்களால் பாடிப் பார்த்து அப்புறம் சொற்களைப் போடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அந்த மொழியின் மீது வந்த மதிப்பு தனி.

நான்கு படியும் பழகிய பிறகு ஏறுகிற இரண்டு. ஒன்பது கீழிருந்து உச்சிக்கு ஏறும். ஐந்து அதே கீழிருந்து தொடங்கி நடுவோடு நின்றுவிடும். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான், முடிகிற இடம்தான் வித்தியாசம். ஒன்பதை நாம் பயந்து பயந்து பாதியில் நிறுத்துவதால் ஐந்தாம் தொனி போலக் கேட்கும். தாராளமாக ஏறுங்கள்.

யுவென் ரென் சாவ் என்ற மொழியியலாளர் 1930இல் குரலின் உயரத்தை 1 முதல் 5 வரை பிரித்துக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன்படி எழுதினால் மூன்று 55, ஒன்பது 25, நான்கு 33, பூஜ்யம் 21, ஐந்து 23, இரண்டு 22. இந்த எண்கள் உங்கள் குரலுக்குள்ளான அளவு. ஸ்ருதி அவரவருக்கு வேறு என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனத்த குரல்காரரின் உச்சி, குழந்தையின் அடித்தளத்தைவிடத் தாழ்ந்திருக்கலாம், இருந்தும் கேட்பவருக்குப் புரியும்.

ஒன்பது தொனி என்று சொல்கிறார்களே, அது என்ன? ப், த், க் என்று முடியும் அசைகள் சட்டென்று வெட்டுப்படும், அவற்றைப் பழைய இலக்கணம் தனியாக எண்ணியது. உயரம் என்று பார்த்தால் அவை 1, 3, 6 ஆகிய தொனிகளேதான். 7, 8, 6 என்ற எண்கள் அதற்கு உதாரணம்: ட்ஸ்ஹத்1, பாத்3, லுக்6. ஆக 394052786 என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒன்பதும் வந்துவிடும்.

இதை எங்கே பழகுவது? தொலைபேசி எண்களில். ஹாங்காங் எண்கள் எட்டு இலக்கம். பேருந்து எண், விலைப்பலகை, மாடி எண் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். நான்கு (ஸேய்3) என்பதும் சாவு (ஸேய்2) என்பதும் தொனியில் மட்டும்தான் வேறு, அதனால்தான் அங்கே பல கட்டடங்களில் நான்காம் மாடி என்ற எண்ணே இருக்காது. லிஃப்ட்டில் பொத்தான்களைப் பார்க்கும்போதெல்லாம் மூன்றாம் தொனியும் இரண்டாம் தொனியும் நினைவுக்கு வரும்.

எண்கள் படிந்தபின் ஒரே அசையை ஆறு தொனியிலும் ஓட்டுங்கள். ஸீ1 கவிதை, ஸீ2 வரலாறு, ஸீ3 முயன்று பார்ப்பது, ஸீ4 நேரம், ஸீ5 சந்தை, ஸீ6 காரியம். அப்புறம் அன்றாடம் தேவைப்படுபவை: த்ஹோங்1 சூப், த்ஹோங்4 சர்க்கரை. மாய்5 வாங்குவது, மாய்6 விற்பது. இந்தக் கடைசி ஜோடி கொடுமையானது, கடையில் நிற்கும்போது இரண்டுமே தேவைப்படும். ஐந்தாம் தொனி லேசாக ஏறுகிறது, ஆறாம் தொனி நேராக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இளம் தலைமுறை ஹாங்காங்காரர்களிலேயே சிலர் தொனிகளில் 2ஐயும் 5ஐயும், 3ஐயும் 6ஐயும் கலந்துவிடுகிறார்கள், அதனால் உங்கள் காதுக்கு உடனே பிடிபடவில்லை என்றால் மனம் தளர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் கேள்வி கேட்கும்போது கடைசியில் குரல் ஏறும், கோபம் வந்தால் ஒரு மாதிரி போகும், சந்தேகம் வந்தால் இழுபடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடக்கத்தில் முழுக்க நிறுத்தி வையுங்கள். தயங்கித் தயங்கிப் பேசும் ஆரம்ப மாணவர்கள் ஒவ்வொரு சொல்லையும் "சரிதானே?" என்ற தொனியில் முடிப்பார்கள், அப்போது எல்லாச் சொல்லும் இரண்டாம் தொனியாகக் கேட்கும். தவறாகச் சொன்னாலும் உறுதியாகச் சொல்லுங்கள், திருத்துபவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியும்.

வல்லினம்: நம் பலமும் நம் பலவீனமும்

கான்டனீஸில் க, த, ப ஒவ்வொன்றிலும் இரண்டு வகை. ஒன்று மூச்சு இல்லாமல், ஒன்று மூச்சோடு. குரல் அதிர்ந்து வரும் ஒலி, அதாவது "பந்து" என்பதில் த போல, "தங்கம்" என்பதில் க போல வருவது, கிடையவே கிடையாது. இங்கேதான் தமிழர்களுக்கு அதிர்ஷ்டம்: சொல்லின் முதலில் நாம் சொல்கிற க, த, ப மூச்சில்லாத வகைக்கு அப்படியே பொருந்தும். பள்ளியில் படித்த ஆங்கிலப் பழக்கத்தில் குரலைச் சேர்த்துவிடாமல் இருந்தால் போதும்.

மூச்சுள்ள வகை நமக்குப் புதிது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, "பல்" என்று சொல்லுங்கள், காற்று படாது. இப்போது மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது போல ப்ஹ என்று சொல்லுங்கள், கையில் அடிக்க வேண்டும். துங்3 என்றால் குளிர், த்ஹுங்3 என்றால் வலி. பல்வலியில் தவிக்கும் ஒருவர் ஹோவ்2 த்ஹுங்3 (ரொம்ப வலிக்கிறது) என்று சொல்ல நினைத்து, மூச்சு விடாமல் ஹோவ்2 துங்3 என்றால், எதிரில் இருப்பவர் எழுந்து ஏசியை அணைத்துவிட்டு வருவார். தொனி இரண்டிலும் ஒன்றுதான், தொனியைச் சரியாகச் சொன்னாலும் காப்பாற்றாது.

ஹாங்காங்கின் ஆங்கில இடப்பெயர்ப் பலகைகளை நம்பாதீர்கள். அவற்றில் இந்த இரண்டு வகைக்கும் ஒரே எழுத்துதான். குவுன் டோங், காய் டாக் இரண்டும் பலகையில் ஒரே ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்குகின்றன, ஆனால் உள்ளூரில் முதலாவது கூன்1 த்ஹோங்4, அடுத்தது க்ஹை2 தக்1. ஒன்றில் மூச்சு இரண்டாம் அசையில், மற்றதில் முதல் அசையில். இந்த ஒரு ஜோடியைப் பத்து முறை மாற்றி மாற்றிச் சொன்னால் நாக்கு படிந்துவிடும். டாக்சியில் ஏறும்போதும் வீண்போகாது.

இப்போது பலவீனம். தமிழில் வல்லினம் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறும். உயிர்களுக்கு நடுவே இளகும் ("பகல்" என்பதில் க), மெல்லினத்துக்குப் பின்னே அதிரும் ("அங்கே"). இதை நாம் யோசித்துச் செய்வதில்லை, மூன்று வயதிலிருந்து வாய் செய்கிறது. கான்டனீஸில் வல்லினம் எங்கே நின்றாலும் வல்லினம்தான். "ஏன்" என்பதற்கு திம்2 காய்2. தமிழ் வாய் இதை என்ன செய்யும் தெரியுமா? மரம் + கள் = மரங்கள் ஆகிறதே, அதே விதியில் "திங்காய்" ஆக்கி, க-வையும் அதிர வைத்துவிடும். இரண்டு தவறு ஒரே சொல்லில். திம் என்று உதட்டை மூடி நிறுத்துங்கள், அரை நொடி விட்டு "காய்கறி" என்பதன் காய் சொல்லுங்கள். பிறகு இடைவெளியைக் குறையுங்கள். "நன்றி", "தயவுசெய்து" இரண்டுக்கும் பயன்படும் ம்4 கோய்1 என்பதற்கும் இதே பயிற்சி.

த என்பதற்கு நம் த போதும், நாக்கு பல்லிலோ பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறிலோ படலாம். ட வேண்டாம். ஆங்கிலச் சொற்களை ட போட்டுச் சொல்லும் பழக்கத்தில் இங்கேயும் நாக்கை மடித்துவிடுகிறோம், அது உடனே அயலாகக் கேட்கும். ழ, ள, ண, ற எதற்கும் வேலையில்லை. ர கூட இந்த மொழியில் இல்லை.

"பீட்சா" என்பதன் நடுவில் வரும் ஒலி இங்கே சொல்லின் முதலில் வரும். அதிலும் இரண்டு வகை: ட்ஸோவ்6 (செய்வது) என்பதில் மூச்சில்லை, ட்ஸ்ஹா4 (தேநீர்) என்பதில் மூச்சு உண்டு. இதைச் ச்ச என்றோ ஜ என்றோ சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் மூச்சை மட்டும் மாற்றிவிடக் கூடாது. ஃப, ஹ, ஸ, ம, ல, ய, வ எல்லாம் பழகியவையே. க்வ, க்ஹ்வ என்பவற்றை ஒரே ஒலியாகச் சொல்லுங்கள், "குவா" என்று இரண்டாக உடைக்க வேண்டாம்.

கடைசியாக ங. சொல்லின் முதலில் ங வருவது மேற்கத்திய மாணவர்களுக்குப் பெரிய மலை. நாம் கடிதத்தின் கடைசியில் "இங்ஙனம்" என்று எழுதுகிறவர்கள். அதில் "இங்" என்பதை மனதுக்குள் சொல்லி "ஙனம்" என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள், வந்துவிட்டது. ஙோ5 நான், ஙான்5 கண், ஙவ்4 மாடு. நம் அரிச்சுவடியில் இருந்தும் அதிகம் பயன்படாத எழுத்து, ஹாங்காங்கில் தினமும் "நான்" என்று சொல்லும்போதெல்லாம் வாயில் வந்தது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

ம், ங் இரண்டும் தனியாகவே ஓர் அசையாகவும் நிற்கும். ங்5 ஐந்து என்று பார்த்தோம். ம்4 என்றால் "இல்லை, மாட்டேன்" என்ற மறுப்பு. நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது "ம்... ம்..." என்று தலையாட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் கவனம் வேண்டும்.

உயிரொலிகள்

குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம். மலை, மாலை. படம், பாடம். கான்டனீஸில் அ, ஆ இரண்டுக்கும் இதே உறவு. ஸம்1 இதயம், ஸாம்1 மூன்று. ஸன்1 புதியது, ஸான்1 மலை. அதைவிட அழகானது கை, காய். கை1 என்றால் கோழி, காய்1 என்றால் தெரு, நாம் தமிழில் சொல்வது போலவே சொல்லி உயரத்தில் நிறுத்தினால் சரியாக இருக்கும். மை5 அரிசி, மாய்5 வாங்குவது, மாய்5 மை5 என்றால் அரிசி வாங்குவது. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்கள் இந்த வித்தியாசத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கும், நாம் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

ஓ-வில் கவனம் வேண்டும். "காபி", "டாக்டர்" என்று நாம் எழுதி, ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாயைத் திறந்து ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் சொல்கிறார்களே, அந்த ஒலிதான் கோங்2, தோ1 என்பவற்றில் வருவது. இன்னொன்று ஓவ் என்று உதடு குவிந்து முடிவது, ஹோவ்2 (நல்ல, ரொம்ப) என்பதில். தோ1 அதிகம், தோவ்1 கத்தி. நம் ஓ இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டுமே மங்கலாகிவிடும், ஒன்றுக்கு வாயை நன்றாகத் திறக்க வேண்டும், மற்றதற்கு உதட்டைக் குவித்து முடிக்க வேண்டும்.

இ, உ இரண்டும் க், ங் முன்னால் வரும்போது கொஞ்சம் இறங்கும். எழுத்தில் இலை, உடம்பு என்று இருப்பதைப் பேச்சில் எல, ஒடம்பு என்கிறோமே, அந்தப் பக்கமாக, ஆனால் பாதி தூரம். ஆறு என்பதை லுக்6 என்று எழுதினாலும் லொக் என்பதற்கு அருகில் கேட்கும். சாப்பிடுவது ஸிக்6, கிட்டத்தட்ட ஸெக்.

தமிழில் இல்லவே இல்லாதவை மூன்று. முதலாவது, உ சொல்ல உதட்டைக் குவித்து, உதட்டை அசைக்காமல் உள்ளே இ சொல்வது. மீன், புத்தகம், யூட்பிங் என்பதன் முதல் அசை, எல்லாவற்றிலும் இதுதான். கண்ணாடி முன் நின்று பழகுங்கள், உதடு விரிந்தால் தவறு. இரண்டாவது, அதே உத்தியை எ-வுக்குச் செய்வது, உதடு குவிந்திருக்க உள்ளே நெடில் ஏ. ஹாங்காங் என்ற பெயரின் முதல் அசையே இந்த ஒலிதான், இரண்டாவது கோங்2. மணம் வீசும் துறைமுகம் என்று பொருள். நாம் சொல்கிற "ஹாங்" அங்கே யாருடைய வாயிலும் வராது. மூன்றாவது, இதன் குறில், உதடு கொஞ்சம் தளர்ந்திருக்கும். தண்ணீர் என்ற சொல்லிலும் போவது என்ற சொல்லிலும் வரும், ஸொய்2, ஹொய்3 என்று தோராயமாகத் தமிழில் எழுதலாம், கேட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆளுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், அவசரப்பட்டு உ என்றும் ஒ என்றும் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

அசையை முடிப்பது

எனக்கு அதிகக் காலம் எடுத்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. கான்டனீஸ் அசைகள் ம், ன், ங் என்றோ, ப், த், க் என்றோ முடியலாம். வல்லினத்தில் முடிந்தால் தமிழ் வாய் சும்மா இருக்காது, கப்பு, பேங்கு, சூப்பு என்று ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடும். ஒட்டினால் ஓர் அசை இரண்டு அசையாகி, தொனியும் கெட்டு, சொல் அடையாளமே தெரியாமல் போய்விடும்.

தீர்வும் தமிழிலேயே இருக்கிறது. "பத்து" என்று சொல்லுங்கள். நடுவில் நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும், பிறகுதான் "து" என்று விடுபடும். அந்த நிற்கிற கணத்தில் நிறுத்திவிடுங்கள். பத்-. நாக்கு ஒட்டியே இருக்கட்டும், விடாதீர்கள். இதுதான் கான்டனீஸின் ஈற்று த். பேச்சுத்தமிழில் "பாத்து போ" என்பதில் பாத்- வரை சொல்லி நிறுத்தினால் எட்டு, பாத்3. "சப்பாத்தி"யை முதல் சப்-போடு நிறுத்தினால் பத்து, ஸப்6. "பக்கம்" என்பதில் பக்-. ஒலியே வராமல் முடிகிறதே, எப்படி மூன்றையும் பிரித்துக் கேட்பது என்று தோன்றும். வாய் எந்த இடத்தை நோக்கிப் போகிறது என்பது அதற்கு முந்தைய உயிரொலியின் கடைசி நொடியில் தெரியும். ஸப்1 ஈரம், ஸத்1 இழப்பது, ஸக்1 அடைப்பது, இந்த மூன்றையும் யாரையாவது மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லிப் பாருங்கள்.

மெல்லினத்தில் வேறு சிக்கல். பேச்சில் "மரம்", "அவன்" என்பவற்றை நாம் முழுதாக முடிப்பதில்லை, மூக்கால் ஒரு சாயல் கொடுத்து விட்டுவிடுகிறோம். இங்கே ஸாம்1 என்றால் உதடு மூடியே ஆக வேண்டும், ஸான்1 என்றால் நாக்கு மேலே ஒட்ட வேண்டும். ஸாங்1 (பச்சையான, வேகாத) என்றால் ங்-ஓடு முடிய வேண்டும், பின்னாலேயே ஒரு க் வரக் கூடாது. தமிழில் ங்-க்குப் பின் எப்போதும் க வந்தே பழக்கம் என்பதால் "சாங்கு" என்று இழுபடும். "தங்கம்" சொல்லத் தொடங்கித் தங்-கில் நிறுத்துங்கள், மூக்கில் மணி அடிப்பது போல நீளட்டும்.

தெருவில் கேட்பது வேறாக இருக்கும்

புத்தகத்தில் நேய்5 (நீ) என்று படித்துவிட்டுப் போனால் தெருவில் லேய்5 என்பார்கள். ஙோ5 என்பது ஓ5 ஆகும். நாடு என்ற க்வோக்3 கோக்3 ஆகும். ஐந்து ங்5 என்பது ம்5 ஆகும். இவற்றை லான்5 யம்1, அதாவது சோம்பேறி ஒலி என்று சொல்லி ஆசிரியர்களும் தொலைக்காட்சிகளும் திருத்தப் பார்த்ததுண்டு. என் கருத்து: பழைய உச்சரிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள், புதியதைக் காதால் ஏற்றுக்கொள்ளுங்கள். ந, ல என்று பிரித்துப் பேசுபவரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ங் என்று முடிவதை ன் என்றும், க் என்று முடிவதை த் என்றும் மாற்றுபவர்களும் உண்டு, அதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம், முந்தைய பகுதியில் கஷ்டப்பட்டுப் பழகியதெல்லாம் கரைந்துவிடும்.

இன்னொன்று, சில சொற்கள் அன்றாடப் பேச்சில் இரண்டாம் தொனிக்கு ஏறிவிடும். த்ஹோங்4 சர்க்கரை, த்ஹோங்2 மிட்டாய். தனியாக நான்காம் தொனியில் இருக்கும் மீன், தங்கமீன் என்ற சொல்லுக்குள் இரண்டாம் தொனிக்குப் போகிறது. இதற்கு விதி தேடாமல் சொல் சொல்லாகக் கற்பதே நல்லது.

வாக்கியமாகச் சேர்ப்பது

ஹாங்காங் மெட்ரோவில் கதவு மூடும்போது வரும் அறிவிப்பை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. ட்ஸ்ஹிங்2 மத்6 க்ஹாவ்3 கன்6 ட்ஸ்ஹே1 மூன்4. கதவருகே நிற்காதீர்கள் என்று பொருள். ஐந்தாவதைத் தவிர எல்லாத் தொனியும் இதில் இருக்கிறது. மூச்சுள்ள ஒலி மூன்று இடத்தில், மூச்சில்லாத க ஓரிடத்தில். மத்6 என்பதன் த் விடுபடாமல் நின்று அடுத்த க்ஹ வெடிக்க வேண்டும். கன்6 என்பதன் க இளகி ஹ ஆகக் கூடாது. ட்ஸ்ஹே உச்சியில் நிற்க, மூன் அடியில் விழ வேண்டும். காணொளிகளில் கிடைக்கும், எடுத்துவைத்துக்கொண்டு கூடவே சொல்லுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து ப்ராட் என்ற இலவச மென்பொருளில் போட்டால் குரலின் உயரம் கோடாகத் தெரியும், அறிவிப்பின் கோட்டையும் உங்கள் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காது ஏமாற்றும் இடத்தைக் கண் பிடித்துவிடும். சொற்களுக்கு ப்ளெக்கோ செயலியில் கான்டனீஸ் அகராதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், யூட்பிங் அதிலேயே வரும்.

கேள்வியும் ஆச்சரியமும் வலியுறுத்தலும் எங்கே போகும், தொனியைத்தான் தொடக் கூடாதே என்று கேட்கலாம். வாக்கியத்தின் கடைசியில் வரும் சிறு சொற்களில் போகும். ஆ3, ஆ4, லா1, மே1, க்வா3 என்று நிறைய. நமக்கு இது அந்நியமே இல்லை: "வந்தானா", "வந்தானே", "வந்தானோ" என்று ஒரே ஓர் எழுத்தில் பேச்சின் போக்கையே மாற்றுகிறவர்கள் நாம். ஹை6 என்றால் ஆமாம். ஹை6 ஆ4 என்றால் "அப்படியா?" ஹை6 மே1 என்றால் "அப்படியா என்ன?" என்று நம்பாமல் கேட்பது. குரலை ஏற்றாமல் இந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டால் கேள்வி தானாக வரும்.

முதல் முழு வாக்கியமாக இதைப் பழகுங்கள், நமக்கு மிகவும் தெரிந்த விசாரிப்புதான். ஸிக்6 ட்ஸோ2 ஃபான்6 மேய்6 ஆ3? சோறு சாப்பிட்டாச்சா? ஸிக் என்பதில் க் விடுபடாமல், ட்ஸோ நன்றாக மேலேறி, ஃபான் மேய் இரண்டும் ஒரே தாழ்ந்த உயரத்தில் நேராக, கடைசி ஆ நடுவில். பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ மீன் கடைக்காரரிடமோ மதியம் இதைச் சொன்னால், ஸிக்6 ட்ஸோ2 லா3, சாப்பிட்டாச்சு, என்று பதில் வரும்.